மாதம் மூன்று புகை

கரட்டுமலை உச்சியில் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தனியே காவலிருந்தான் மொக்கையன். பகைவர் படை தென்பட்டால் பச்சைத்தழையை எரித்துப் புகை எழுப்புவதே அவன் வேலை. படையும் வரவில்லை, பேச்சுத்துணைக்கு ஓர் ஆளும் வரவில்லை.

ஒருநாள் அரசரின் புதிய பிரதானி வைரவநாதர் பல்லக்கில் வந்திறங்கினார்.

“இதுவரை எத்தனை முறை புகை எழுப்பினாய்?”

“ஒருமுறையும் இல்லை, சாமி.”

“தண்டச்சோறு! எந்த வேலைக்கும் இலக்கு வேண்டுமடா. இனி மாதம் மூன்று புகை. குறைந்தால் வேலை போய்விடும்!”

“அடியேன் மறதிக்காரன். ஓலையில் எழுதி முத்திரையிட்டுத் தாருங்கள், சாமி.”

பிரதானி பெருமையோடு எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காலையிலேயே புகை எழுந்தது. கீழே கோட்டைக் கதவுகள் அடைபட்டன. பிரதானி நெற்குதிருக்குள் ஒளிந்தார். படையோடு மலையேறி வந்த அரசரிடம் மொக்கையன் ஓலையை நீட்டினான்.

“இம்மாதத்திற்கு இன்னும் இரண்டு பாக்கி, மகாராஜா.”

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். “புகையே எழாதிருப்பதுதான் இனி உன் இலக்கு.”

“அதை யார் வந்து பார்ப்பார்கள், மகாராஜா?” மொக்கையன் தன் ஒற்றைப் பாயைக் காட்டினான்.

அரசரின் சிரிப்பு அடங்கியது.

அன்றுமுதல் அரசர் கட்டளைப்படி மாதந்தோறும் பிரதானி பல்லக்கில்லாமல் மூச்சிரைக்க மலையேறி, ‘புகை இல்லை’ என்று எழுதிச் செல்கிறார். அவருக்காக மொக்கையன் விடியும்போதே இரண்டாவது பாயை விரித்துவிடுகிறான்.