பயறுக்கு ஒரு வாரம்

ஒரு புதிர் போடுகிறேன். தேர்வில் கேட்டால் விடுதிப் பெண்கள் அதன் பெருமையைப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். தட்டில் வந்தால் முன்பின் பார்த்திராதவர்கள் போலக் கடந்து போவார்கள். அது என்ன?

முளைகட்டிய பச்சைப்பயறு.

அதைத்தான் ரெபேக்கா சண்டை போட்டுக் கல்லூரி விடுதியின் காலை உணவில் சேர்க்க வைத்திருந்தாள். ஊட்டச்சத்துப் படிப்பில் வகுப்புக்கே முதல் மாணவி அவள். தினமும் விடிந்ததும் சாப்பாட்டுக்கூட வாசலில் நின்று புரதம், நார்ச்சத்து என்று விளக்கினாள். பெண்கள் பொறுமையாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு நூடுல்ஸ் பக்கம் போனார்கள்.

இனிமேல் பயறு கிடையாது என்று சமையலறையில் சொல்லிவிட்டார்கள். ரெபேக்கா நேரே உமையாள் மேடத்தின் வீட்டுக்கு ஓடினாள். அவளுக்குப் பாடம் நடத்துபவரும் அவர்தான். விடுதிக் காப்பாளரும் அவர்தான்.

“எல்லாம் தெரிஞ்சும் சாப்பிட மாட்டேங்கிறாங்க மேடம். இன்னும் ஒரு வாரம் கொடுங்க.”

மேடம் எழுந்தார். கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, தேங்காய்ப்பூ தூவிய பயறை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து தன் மகள் முன்னால் வைத்தார்.

நாச்சம்மைக்கு ஐந்து வயது. கையில் கிரீம் பிஸ்கட்.

“இவளைச் சாப்பிட வை. ஒரு வாரம் தர்றேன்.”

ரெபேக்கா உற்சாகமாகத் தொடங்கினாள். இரும்புச்சத்துக்கு வந்தபோது, கடித்தால் பல் உடையாதா என்று நாச்சம்மை கேட்டாள். பிறகு பிஸ்கட்டைப் பிரித்துக் கிரீமை நக்கிக்கொண்டே, அக்கா காலையில் என்ன சாப்பிட்டாள் என்று விசாரித்தாள்.

“டீ.”

“டீயை யாராவது சாப்பிடுவாங்களா அக்கா? குடிக்கத்தான் செய்வாங்க.”

மேடம் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது.

ரெபேக்காவுக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக் காட்டினாள்.

இளஞ்சூடு. நறுக்கென்று கடிபட்டது. தேங்காய் இனித்தது.

இன்னொரு கரண்டி எடுத்தாள். இது காட்டுவதற்காக அல்ல. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். விளக்கம் எங்கே நின்றது என்பதே அவளுக்கு நினைவில்லை.

கிண்ணம் பாதியானது.

“எல்லாத்தையும் நீங்களே தின்னுடுவீங்களா?”

ரெபேக்கா வாய் நிறையப் பயறோடு நிமிர்ந்தாள்.

நாச்சம்மை பிஸ்கட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.