கை எடுத்த இடம்

"என்ற தையலாலதானுங்களா?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

வியாகுலம் செத்துப்போன தம்பியின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

அடக்கம் முடிந்து ஊர் கலைந்துவிட்டது. அவர் மட்டும் வாசலில் நின்றார். கல்லறை மண் இன்னும் வேட்டி ஓரத்தில் ஒட்டியிருந்தது.

"சொல்லிடுங்கம்மா. ஆமான்னா ஆமான்னு சொல்லிடுங்க. இல்லீன்னா இல்லீன்னு சொல்லிடுங்க."

"ரெண்டுல ஒங்களுக்கு எது வேணும்?"

அவர் வேட்டி ஓரத்து மண்ணைத் தட்டினார்.

"கஞ்சி இருக்கு. குடிச்சிட்டுப் போய்ப் படுங்கண்ணே."

*

பனைவலசையில் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் கரை காணாமல் போய்விடும்.

மேற்கிலிருந்து அடிக்கிற காற்று. மணலை அள்ளிக்கொண்டு கடலுக்குப் போகும். கடலில் இருப்பவன் திரும்பிப் பார்த்தால், ஊர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பழுப்புச் சுவர் நிற்கும். கழிமுகத்தின் இரண்டு பக்கமும் பாறை. நடுவில் ஒரு வள்ளம் நுழைகிற அளவுக்கு வழி.

அதனால் அந்த ஊரில் பட்டம் விடுவார்கள். விளையாட்டுக்கு அல்ல.

பட்டம் இரண்டு ஆள் உயரம். சிவப்புப் பாராசூட் துணி. கழிமுகத்தில் நட்ட கட்டையில் கயிற்றைச் சுற்றி, நுனியை ஒருவர் கையில் பிடித்துக்கொள்வார். கட்டிவிட்டுப் போகமுடியாது, காற்று ஏறினால் விடவேண்டும், இறங்கினால் இழுக்கவேண்டும். பட்டம் புழுதிக்கு மேலே போய் நிற்கும். அதைப் பார்த்து வள்ளத்தைச் செலுத்தினால் வீடு வந்து சேரலாம்.

பட்டத்தைத் தைப்பவள் வியாகுலம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதிகம் பேசமாட்டாள். பேசினாலும் கேட்டதற்குப் பேசமாட்டாள். இது போதாதா? ஞானி என்று பேர் பரவி, எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களிடம் ஊசியைக் கொடுத்தாள். ஞானம் கேட்டு வருகிறவர்களுக்குத் தையல் பிடிப்பதில்லை. வந்த வேகத்தில் திரும்பிப் போனார்கள்.

நாச்சிமுத்து போகவில்லை.

அவர் அவளைவிட ரொம்பவே மூத்தவர். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் மெஷினோடு மெஷினாகக் கிடந்தவர். மனைவி போனபிறகு வீட்டில் இருக்கமுடியாமல் வந்துவிட்டார்.

"மனசு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குதுங்க அம்மிணி" என்றார் வந்த அன்று.

அவள் கத்தரிக்கோலை நீட்டினாள்.

"இது எதுக்குங்க?"

"துணி வெட்ட."

ஒரு மழைக்காலம் போவதற்குள் அம்மிணி என்பது அம்மா ஆகிவிட்டது.

*

பட்டத்துக்கு ஓரம்தான் உயிர். ஓரம் படபடத்தால் இழை பிரியும். இழை பிரிந்தால் கிழியும். அதனால் ஓரம் முழுக்க, அதை உள்ளே வைத்து ஒரு துணிப்பட்டியை மடித்துத் தைக்கவேண்டும். வியாகுலம் பட்டியை விரலால் மடித்து, குண்டூசி குத்தி, மிதிமெஷினில் நாள்கணக்கில் தைப்பாள்.

திருப்பூருக்குப் போய்வந்த நாச்சிமுத்து ஒரு போல்டர் கொண்டுவந்தார். கம்பெனியில் பனியனுக்குக் கழுத்துப்பட்டி வைக்கிற சாமான். வளைத்த தகடு, ஒரு சின்னப் புனல் மாதிரி. ஊசிக்கு முன்னால் அதைத் திருகி வைத்துவிட்டால் போதும். பட்டி தட்டையாக நுழைந்து, தானே இரண்டாக மடிந்து, துணியின் ஓரத்தைக் கவ்விக்கொண்டு ஊசிக்குப் போகும்.

ஊரே பார்க்க வந்தது. நேற்றுவரை அவரை 'பனியன்காரர்' என்று கேலி பேசியவர்கள் மெஷினைச் சுற்றி நின்றார்கள்.

சிவப்பு ஓரத்தில் வெள்ளைப் பட்டி கோடு போட்டதுபோல் ஓடியது.

"எப்படி வளையாமப் போகுது!"

"கையே வேண்டாமுங்க" என்றார் நாச்சிமுத்து. "பாருங்க."

இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். கால் மட்டும் மிதித்தது. பட்டி அதுபாட்டுக்கு ஓடியது.

எல்லாரும் கைதட்டினார்கள். வியாகுலத்தின் தம்பி சந்தியாகு விசிலடித்தான். மனைவி இறந்தபிறகு நாச்சிமுத்து அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தார்.

*

அந்தக் கரையில் ஒரு முறை உண்டு. புதுப் பட்டம் ஏறுகிற அன்று ஒரே ஒரு வள்ளம் கடலுக்குப் போகும். தைத்தவர்தான் அதில் போகவேண்டும். தன் தையலைப் பார்த்துத் தானே கரை திரும்பவேண்டும். அதற்குப் பிறகுதான் மற்ற வள்ளங்கள்.

இத்தனை காலமும் வியாகுலம்தான் போய்வந்தாள். இந்த முறை நாச்சிமுத்து போகவேண்டும். அவரோ கரையில் நிற்கிற வள்ளத்தைப் பார்த்தாலே குமட்டுகிறது என்பவர்.

"அண்ணன் வாந்தி எடுத்தா மீனுதான் கொழுக்கும்" என்றான் சந்தியாகு. "நீங்க கயித்தப் பிடிங்க. நான் போறேன்."

ஊர் சிரித்தது. நாச்சிமுத்துவும் சிரித்தார்.

சந்தியாகு போனான்.

சாயங்காலம் காற்று ஏறியது. மேலே என்னவோ சடசடவென்று கேட்டது. பட்டம் ஓரத்திலிருந்து நடுவரைக்கும் கிழிந்து, தலைகுப்புற இறங்கியது. நாச்சிமுத்துவின் கையில் கயிறு தொய்ந்துபோனது. கடல் பக்கம் பழுப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஊர் முழுக்கக் கழிமுகத்தில் நின்று அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது.

மறுநாள் பாறை அவனைக் கொடுத்தது. முகத்தைப் பார்க்கவேண்டாம் என்று பெண்களைத் தடுத்துவிட்டார்கள். வியாகுலம் பார்த்தாள்.

*

கஞ்சியைக் குடிக்காமல் போனவர், விடிந்ததும் பையோடு வந்து நின்றார்.

"கெளம்பறனுங்க."

வியாகுலம் உள்ளே போய், கிழிந்த பட்டத்தைத் தூக்கிவந்து அவர் காலடியில் போட்டாள். உப்பும் மணலும் காய்ந்து, துணி மொடமொடவென்று இருந்தது.

"பட்டியப் பிரிங்க."

"எல்லாத்தையுமுங்களா?"

"எல்லாத்தையும்."

பையைக் கீழே வைத்தார். பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வலப்பக்க ஓரத்தில் ஆரம்பித்தார். தையல் அறுந்து பட்டி விலக, உள்ளே துணியின் ஓரம் ஒழுங்காக இருந்தது. ஊசித் துளைகள் வரிசையாக இருந்தன. மேல் ஓரமும் அப்படியே. பிரிக்கப் பிரிக்க அவருக்கு மூச்சு லேசானது. மூங்கில் முறிந்து குத்தியிருக்கலாம். கயிறு உரசியிருக்கலாம். காற்று அப்படி. கடவுள் அப்படி. மனிதனுக்குத் தப்பிக்க எத்தனை வழி வேண்டும்?

இடப்பக்கம் வந்தார். கிழிசல் தொடங்கிய இடம்.

பட்டி இருந்தது. தையல் இருந்தது. நேராக, அழகாக இருந்தது. தையலுக்குள் பிளேடை விட்டார். பட்டியின் இரண்டு மடிப்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. நடுவில் துணி இல்லை.

துணியின் ஓரத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். அந்த இடத்தில் ஒரு துளைகூட இல்லை. ஊசி அதைத் தொடவே இல்லை.

ஒரு சாண் நீளம். அதற்கு அப்புறம் துணி மறுபடியும் பட்டிக்குள் ஒழுங்காக நுழைந்திருந்தது.

அந்த ஒரு சாண் ஓடும்போது தன் கை எங்கே இருந்தது என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

*

வியாகுலம் முற்றத்து மணலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். கூட்டக் கூட்டக் காற்று கொண்டுவந்து கொட்டியது.

"கையெடுத்த எடமுங்க" என்றார். "தள்ளிக்குடுக்கக் கை இல்லாம துணி வெளிய வந்துருச்சுங்க. பட்டி மட்டும் ஓடியிருக்குது. மேல பாத்தாத் தெரியாதுங்க."

"தெரியாது."

"உங்களுக்கு எப்பங்க தெரிஞ்சுது?"

"பட்டம் எறங்குனப்ப."

"அப்ப நேத்தே ஏனுங்க சொல்லல? கேட்டனேங்க. காறித் துப்பியிருக்கலாமுல்லங்க."

அவள் விளக்குமாற்றை நிறுத்தினாள்.

"நானும்தான கைதட்டுனேன்."

அவர் மணலில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். கூடச் சேர்ந்து அவளும் அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் அழவில்லை. அவர் உட்கார்ந்திருந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தைக் கூட்டினாள்.

*

அன்று மதியம் அவர் மெஷினிலிருந்து போல்டரைக் கழற்றினார். அம்மிக்கல்லில் வைத்துச் சுத்தியலை ஓங்கினார்.

"அது என்னண்ணே பண்ணுச்சு?"

ஓங்கிய கை அப்படியே நின்றது.

வியாகுலம் வந்து போல்டரை எடுத்தாள். அதன் வாயில் இருந்த மணலை ஊதினாள். முந்தானையில் துடைத்து அவரிடமே கொடுத்தாள்.

"புதுசுக்குத் துணி வெட்டி வச்சிருக்கேன்."

"நானுங்களா?"

"எங்க விட்டுப்போகும்னு ஒங்களுக்குத்தான தெரியும்."

"அப்படீன்னா கையிலயே மடிச்சுத் தைக்கறனுங்க. இதத் தொட மாட்டனுங்க."

"இதுலதான்."

ஊர் சும்மா இருக்குமா? அந்த ஆளையா மறுபடியும் உட்காரவைத்திருக்கிறாள் என்றது. அன்று கைதட்டியவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஒருத்தி வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டே போனாள். நாச்சிமுத்து தலை நிமிரவில்லை.

இடது கையில் பட்டி. வலது கை துணியைப் போல்டரின் வாய்க்குள் தள்ளிக்கொண்டே இருந்தது. விரல் அளவு ஓடியதும் நிறுத்துவார். மடிப்பை நகத்தால் விலக்குவார். உள்ளே சிவப்பு தெரிகிறதா என்று பார்ப்பார். மறுபடி மிதிப்பார். கோணிய இடத்தைப் பிரித்துவிட்டு மீண்டும் தைத்தார். ஒருதடவை விரலில் ஊசி ஏறிவிட்டது. சிவப்புத் துணியில் ரத்தம் தெரியவில்லை.

விரலால் மடித்துத் தைத்திருந்தால்கூட இதைவிடச் சீக்கிரம் முடிந்திருக்கும்.

வியாகுலம் ஒருநாள்கூடப் பக்கத்தில் வந்து பார்க்கவில்லை.

*

"முடிஞ்சுதுங்க" என்றார். "ஒருக்கா வெரல் வெச்சுப் பாத்துருங்கம்மா."

அவள் பட்டத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"பாக்காமயேவாங்க?"

"நீங்க பாத்தீங்கள்ல."

கழிமுகத்தில் ஊர் கூடியிருந்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பட்டம் ஏறியது. ஏறி, கடல் பக்கம் சாய்ந்து நின்றது. ஓரம் படபடக்கவில்லை.

நாச்சிமுத்து வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வள்ளத்தின் அருகில் போய் நின்றார்.

"இன்னிக்கு நான் போறனுங்க. மொறை அதுதானுங்க."

ஊர் தடுக்கவில்லை. போகட்டும் என்று அர்த்தம்.

வியாகுலம் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"திரும்பி வர்றதுக்காண்ணே போறீங்க?"

அவள் கேட்டபிறகுதான், திரும்பி வர நினைக்கவில்லை என்பது அவருக்கே தெரிந்தது.

அவள் கட்டையிடம் போனாள். கயிற்றைப் பிடித்திருந்தவனிடமிருந்து நுனியை வாங்கிவந்து, நாச்சிமுத்துவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். பிறகு வள்ளத்தைத் தள்ளினாள்.

"வியாகுலம்!" என்றார் ஊர்த்தலைவர். "தச்சவருதான் போகணும். மொறைய மாத்தாத."

"போன தடவ மாத்துனப்ப சிரிச்சீங்களே மாமா."

"ஒன் வீட்டுல ஒரு ஆள் போனது பத்தாதா?"

அவள் முழங்கால் தண்ணீரில் நின்று வள்ளத்துக்குள் ஏறினாள்.

நாச்சிமுத்து கயிற்றை விட்டுவிட்டு ஓடமுடியாது. நின்ற இடத்திலிருந்தே கத்தினார்.

"அம்மா, வேண்டாமுங்க! என்ற தையலுங்க அது! என்ற மேல எனக்கே நம்பிக்கை இல்லீங்க!"

அவள் துடுப்பை எடுத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"சாயங்காலம் மணலு பறந்து கண்ணுல விழும்ணே. தொடைக்கணும்னு தோணும். கைய எடுத்துறாதீங்க."