கோஜோ அம்மாவுக்கு ஆடுனவங்க

ஆப்பிரிக்கா மேளக்காரர் கதைன்னதும் உங்க முகத்துல ஒரு சிரிப்பு வந்துடுச்சு பாருங்க. இப்ப ஒரு ஆளு இலையக் கட்டிக்கிட்டு வருவான், கையில ஈட்டி இருக்கும், 'ஹூ ஹா'ன்னு குதிப்பான். அதானே?

இல்லீங்க. கோஜோ இஸ்திரி போட்ட சட்டையிலதான் வருவாரு. மூக்குல சோடாபுட்டி கண்ணாடி. ஊரு கானா. பாட்டு இல்ல, நாடு. கோயமுத்தூர்ல அவங்க ஊரு மேளமும் ஆட்டமும் சொல்லிக் குடுக்குறாரு. தமிழ் தெரியாது. சிஷ்யன் பூபதிகிட்ட இங்கிலீஷ்ல சொல்லுவாரு, அவன் மைக்ல தமிழ்ல சொல்லுவான்.

ஒரு அப்பார்ட்மெண்ட்ல ஆண்டு விழா. மேடைக்குப் பின்னாடி கோஜோ சொன்னாரு.

"இன்னைக்கு அடோவா ஆடுறேன், பூபதி."

"அது என்ன மாஸ்டர்?"

"துக்க வீட்ல ஆடுறது. எங்கம்மா போன வாரம் போயிட்டாங்க."

"சொல்லவே இல்லீங்களே."

"ஊருக்குப் போக முடியல. அதான் இங்க ஆடுறேன்."

"இங்கயா? இப்பத்தான் கேக் வெட்டுனாங்க."

"எங்க ஊர்ல துக்கத்துல ஒருத்தன தனியா ஆட விடமாட்டாங்க. நீ விஷயத்தச் சொல்லு. மனசு இருக்கறவங்க வரட்டும்."

"யாருமே வரலேன்னா மாஸ்டர்?"

கோஜோ கண்ணாடியக் கழட்டி அவன் சட்டைப் பையில வச்சாரு.

"இப்ப வராதவங்க என் கண்ணுக்குத் தெரியமாட்டாங்க. போ, சொல்லு."

பூபதி மைக்கப் புடிச்சான். முன்வரிசையில செக்ரெட்டரி. பக்கத்துல அவரு மக, கை நிறைய வளைகாப்பு வளையல். இந்த நேரத்துல எழவு மேளம்னு சொன்னா மைக்கப் புடுங்கிருவாங்க. அதுக்கப்புறம் எந்த அப்பார்ட்மெண்ட்லயும் கூப்பிடமாட்டாங்க.

தொண்டையச் செருமுனான்.

"அடுத்தது, ஆப்பிரிக்காவோட சிங்க வேட்டை ஆட்டம். சிங்கம் கிளம்பிடுச்சுங்க. தைரியம் இருக்கறவங்க எல்லாம் மேடைக்கு வாங்க."

மைக்குக்குள்ளயே ஒரு உறுமல் உறுமுனான். தத்ரூபமா உறுமுவான்.

கூட்டம் மேடையேறுச்சு. பூபதி உக்காந்து மேளம் அடிச்சான். கோஜோ மெதுவா ஆடுனாரு. ரெண்டு கையையும் தூக்கித் தலைமேல வச்சாரு. எல்லாரும் தலைமேல கை வச்சு ஊளை விட்டாங்க. கோஜோ காதுக்கு அது ஒப்பாரியாக் கேட்டுச்சு. ஏ பிளாக் அங்கிள் ஒருத்தர் நாலு கால்ல போனாரு. அடி எதுவும் பிசகல. பூபதி தலையத்தான் தூக்கல.

ஆட்டம் முடிஞ்சுது. கோஜோ கன்னமெல்லாம் ஈரம். பக்கத்துல இருந்தவங்க கையெல்லாம் தேடித் தேடிப் புடிச்சு, "தேங்க் யூ, தேங்க் யூ"ன்னாரு.

"சூப்பர் சார்"னு ஒருத்தர் தட்டிக் குடுத்துட்டு செல்பி எடுத்தாரு.

கீழ எறங்குனதும் கோஜோ பூபதி தோளப் புடிச்சாரு.

"எங்கம்மா பேரு கூட இவங்களுக்குத் தெரியாது. இத்தனை பேரு வந்துட்டாங்க. என்ன சொல்லிக் கூப்பிட்ட?"

"நீங்க சொன்னதத்தான், மாஸ்டர்."

"நல்லாச் சொல்லியிருக்கே."

பூபதி கண்ணாடிய எடுத்துக் குடுத்தான்.

அப்பத்தான் சி பிளாக் ரெஜினாம்மா வந்தாங்க. ரிடையர்டு நர்ஸ். மேடைக்கே ஏறாதவங்க. நேரா கோஜோகிட்ட இங்கிலீஷ்லயே கேட்டாங்க.

"உங்க வீட்ல யாரு தவறிட்டாங்க?"

"எங்கம்மா. இவன்தான் மைக்ல சொன்னானே."

"இவரா? இவரு சிங்க வேட்டைன்னாருங்க."

"ஆன்ட்டி, அது வந்து..."ன்னான் பூபதி.

"இருப்பா. எங்க வீட்டுக்காரர் போனப்ப நானும் இப்படித்தான் தலையில ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு நின்னேன். சிங்கம் புடிக்கப் போறவன் எவனாவது அப்படி வைப்பானா?"

கோஜோ கண்ணாடியப் போட்டுக்கிட்டு மேடையப் பாத்தாரு. அங்க ரெண்டு பேரு இன்னும் போனுக்கு முன்னாடி உறுமிக்கிட்டு இருந்தாங்க.

பூபதி பக்கம் திரும்புனாரு.

"அப்ப எங்கம்மாவுக்கு வந்தது இவங்க ஒருத்தங்கதானா, பூபதி?"