இன்னாசி உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி

கோணமடைக்காரர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. சொன்னதைச் செய்வார்கள். சொன்னதைத் தவிர வேறு எதையும் செய்யமாட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டால் அந்தக் குணத்தின் முழு ஆபத்தும் விளங்கும். ஒருமுறை பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போக ஏறிய டவுன் பஸ்ஸில் கண்டக்டர், "படியில நிக்காதீங்க, உள்ள போங்க, போய்க்கிட்டே இருங்க" என்று கத்தினார். பின்வாசலில் ஏறிய கோணமடை ஜனம் அத்தனையும் போய்க்கொண்டே இருந்து முன்வாசல் வழியாக இறங்கியது. பஸ் காலியாகக் கிளம்பிப் போனது. கண்டக்டர் பேச்சைத் தட்டவில்லை என்ற திருப்தியோடு எல்லோரும் கல்யாணத்துக்கு நடந்து போனார்கள். போனபோது பந்தி முடிந்து இலையெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படிப்பட்ட ஊரின் மைக், இன்னாசியிடம் இருந்தது. ஆடு காணாமல் போனாலும், ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்தாலும், கோயிலில் ஜெபம் நடந்தாலும் அவன் குரல்தான். போன வருஷம் பங்குச் சாமியார், "இன்னாசி மைக்கில சொல்றதை எல்லாரும் அப்படியே திரும்பச் சொல்லணும்" என்று சொல்லி வைத்தார். எப்போது நிறுத்தவேண்டும் என்று சொல்லவில்லை. அன்றுமுதல் கோயில் வளாகத்தில் இன்னாசி, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றால் கோணமடை கைகளைக் குவித்து, கண்களை மூடி, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று உருக்கமாகப் பதில் சொல்லும். சில கிழவர்கள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வார்கள். இன்னாசிக்கு இதில் உள்ளூரப் பெருமை. இவ்வளவு மரியாதை வேறு எந்த ஊர் மைக்குக்குக் கிடைக்கும் என்று நினைத்துக்கொள்வான். நியாயமான கேள்விதான்.

அந்தோணியார் திருவிழா நெருங்கும்போது அவனுக்கு விக்கல் பிடித்தது. சர்க்கரை தின்றான். மூச்சைப் பிடித்தான். தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தான். தண்ணீர் மூக்கு வழியாக வந்தது, விக்கல் வாய் வழியாகவே வந்துகொண்டிருந்தது. சாமியார் வந்து பார்த்தார்.

"விக்கலோட மைக்கைத் தொடாதே. சப்பரம் கிளம்புறதுக்குள்ள நிக்கலைன்னா மேலக்குளத்து ஆளை வரச்சொல்லிருவேன்."

மேலக்குளத்தான் கோணமடை மைக்கைப் பிடிப்பதா? இன்னாசிக்கு விக்கலோடு அழுகையும் வந்தது. அவன் மனைவி திரேசம்மாள் அந்தோணியார் படத்துக்கு முன்னால் முழங்காலில் விழுந்தாள். "அந்தோணியாரே, இவுகளுக்கு விக்கல் நிக்கட்டும். இவுக உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி கொண்டாந்து ஏத்துறேன்."

மறுநாள் காலையில் விக்கல் நின்றது.

நேர்ச்சையைச் செலுத்தாவிட்டால் போன விக்கல் திரும்பி வரும், விக்கல் வந்தால் மைக் போகும் என்பது இன்னாசிக்கு அந்த நிமிஷமே தெளிவாகிவிட்டது. உடனே சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் புறப்பட்டான். வாசலில் வழிமறித்தான் திரேசம்மாளின் அண்ணன் சூசை.

"எங்க மாப்ள கிளம்பிட்டீரு?"

"ஆளுயர மெழுகுதிரி வாங்கப்போறேன் மச்சான்."

"ஆளுயரம்னா எந்த ஆளு உயரம்? அதைச் செஞ்சவன் ஒம்மப் பாத்திருக்கானா? வேற எவனையாவது மனசுல வச்சுச் செஞ்சிருந்தா, ஏத்துறது நீரு, விக்கல் நிக்கிறது அவனுக்கு."

இன்னாசி சட்டையைக் கழற்றினான்.

சூசை இவ்வளவு அக்கறையாகப் பேசியதற்குக் காரணம், புதிதாகத் தொழில் பழகுகிறவர்களுக்கென்று விற்கும் மெழுகு உருக்கும் மெஷின் ஒன்றை அவன் தபாலில் வரவழைத்திருந்ததுதான். பார்க்க டீக்கடை பாய்லரின் குட்டி போல இருந்தது. மேலே மூடி, கீழே ஒரு குழாய், பக்கத்தில் சூட்டைக் கூட்டிக் குறைக்கத் திருகு. கூடவே தமிழில் அச்சடித்த ஒரு தாள். சூசையின் தம்பி லூர்து பத்தாவது வரை போனவன் என்பதால் தாளை அவன் வாசித்தான். பத்தாவதில் தேறினானா என்று யாரும் கேட்கவில்லை. அதனால் அவன் சொல்லவுமில்லை.

"குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்" என்பது முதல் வரி.

இன்னாசி வீட்டு மேசைமேல் வைத்தார்கள். எட்டாத இடம்தானா என்று எப்படித் தெரிவது? தெருக் குழந்தைகளையெல்லாம் கூப்பிட்டு, எட்டிப் பார்க்கச் சொன்னார்கள். எட்டியது. அலமாரிமேல் வைத்தார்கள். நாற்காலியில் ஏறி எட்டினார்கள். கடைசியில் பரண்மேல் வைத்தார்கள். எந்தக் குழந்தைக்கும் எட்டவில்லை. சந்தேகம் தீரவேண்டுமென்று சூசையே ஒரு குழந்தையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டான். எட்டிவிட்டது.

"இந்த உலகத்துல குழந்தைக்கு எட்டாத இடமே இல்லை" என்றான் லூர்து துக்கத்தோடு.

"குழந்தை இல்லாத நேரம்னு ஒண்ணு இருக்கே" என்றாள் திரேசம்மாள். குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டினார்கள். அது ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடத்திலேயே குடியிருந்த வாத்தியார் பாவம்.

"உருகும்போது மெஷினை விட்டு அகலக்கூடாது" என்பது அடுத்த வரி. மெழுகுக் கட்டிகளைப் போட்டு, சுவிட்சைத் தட்டி, மூன்று ஆண்களும் பரண்மேல் ஏறி மெஷினைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கரண்ட் போனது. யாரும் அசையவில்லை. மெழுகும் அசையவில்லை.

"அண்ணே, எனக்கு ஒரு சந்தேகம்" என்றான் லூர்து. "கரண்ட் இல்லாதப்பதான மெழுகுதிரி வேணும். இந்த மெஷின் கரண்ட் இருந்தாத்தான ஓடும். அப்போ இதைச் செஞ்சவன் என்ன படிச்சிருப்பான்?"

"ஒன்னை மாதிரி பத்தாவது படிச்சிருப்பான்" என்றான் சூசை.

கரண்ட் திரும்பி வருவதற்குள் இன்னாசிக்குக் கால் மரத்து, முதுகு வளைந்து, ஓட்டிலிருந்து விழுந்த பல்லி ஒன்று அவன் தோளில் இளைப்பாறிவிட்டுப் போனது. அவன் மூச்சுவிடவில்லை. அதிர்ச்சி விக்கலைக் கூட்டிவரும் என்று அவன் பயம்.

மெழுகு உருகியது. இனி அச்சு. மெஷினோடு வந்த அச்சுகள் டம்ளர் அளவில் இருந்தன. லூர்து போய் எங்கிருந்தோ பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய் ஒன்றைத் தூக்கி வந்தான். பரணுக்குக் கீழே நிறுத்தி, பக்கத்தில் இன்னாசியை நிறுத்தினார்கள். குழாய் ஒரு செங்கல் அளவுக்கு உயரம் கூடுதல்.

"அறுத்துருவோமா?" என்றான் லூர்து.

"பஞ்சாயத்துக் குழாய்லே. இன்னாசியை அறுத்தாலும் கேக்க ஆளில்ல, இதை அறுத்தா கேஸ்" என்றான் சூசை.

"குழாய் நிறைய ஊத்தாம, கொஞ்சம் குறைச்சு ஊத்தினா?" என்று இன்னாசி தயங்கித் தயங்கிக் கேட்டான். அந்த வீட்டில் அன்று பேசப்பட்ட ஒரே புத்தியுள்ள பேச்சு அதுதான்.

"சாமிக்குக் குடுக்கிறதைக் குறைச்சுக் குடுப்பியளா?" என்று திரேசம்மாள் சீறினாள். இன்னாசி வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டான். மறுபடி அந்தத் தவறை அவன் செய்யவே இல்லை.

சூசை ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து இன்னாசியின் காலடியில் வைத்தான். "ஏறும்." ஏறினான். தலையும் குழாயின் வாயும் சரியாக நின்றன. எல்லோருக்கும் நிம்மதி.

சூசை பரண்மேல் ஏறி மெஷின் குழாயைத் திறந்தான். மெழுகு அச்சுக்குள் நேராக இறங்கியது. குழந்தைகளுக்குப் பயந்து வைத்த இடம்தான், ஆனால் ஊற்றுவதற்கு அதைவிட வசதியான இடம் வேறில்லை. முட்டாள்தனம் சில சமயம் கண்ணை மூடிக்கொண்டு நடந்து சரியான வீட்டுக் கதவைத் தட்டிவிடும். உள்ளே போகத் தெரியாது, அவ்வளவுதான்.

ஊற்றிய மெழுகு முழுவதும் அடிவழியாக வெளியே வந்து தரையில் பரவியது.

"அடைப்பு இல்லை" என்றான் லூர்து. "நல்ல குழாய்."

திரேசம்மாள் தரையைச் சுரண்டி மெழுகை மீட்டாள். அடியை அடைக்க என்ன செய்வது என்று யோசித்தார்கள். இன்னாசியின் காலடிச் செங்கல்லை உருவி, அதன்மேல் குழாயை நிறுத்தி, சுற்றிலும் களிமண் அப்பினார்கள். மெழுகை மறுபடி உருக்கி ஊற்றினார்கள். ஒழுக்கு நின்றது. ஆனால் குழாய் இப்போது ஒரு செங்கல் வளர்ந்துவிட்டது. இன்னாசியோ ஒரு செங்கல் குறைந்துவிட்டான். சூசை பெருமூச்சோடு இறங்கிப் போய் இரண்டு செங்கல் கொண்டுவந்தான். இன்னாசி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஏறினான். மறுபடியும் சமம்.

"மெழுகின் அளவுக்குத் தக்க திரி வேண்டும்" என்றது தாள். இவ்வளவு பெரிய மெழுகுக்கு நூல் போதுமா? பரணில் கிடந்த தொட்டில் கயிற்றை வெட்டி உள்ளே இறக்கினார்கள். "இறுகும் வரை திரியை நடுவில் அசையாமல் பிடிக்கவும்" என்றது தாள். இன்னாசி பிடித்தான். மெழுகு விரலில் சொட்டியது, அசையவில்லை. மூக்கில் ஈ உட்கார்ந்தது, அசையவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து, தன் ஆட்டைக் காணவில்லை, மைக்கில் சொல்லவேண்டும் என்றார். இன்னாசி கண்ணால் மட்டும் அழுதான். ஆடு அவன் வீட்டு வாசலில் நின்றுகொண்டுதான் இருந்தது. அதைச் சொல்லவும் அவன் அசையவில்லை.

மெழுகு இறுகியது. குழாயை உருவியபோது, அடியில் செங்கல் கெட்டியாக ஒட்டிக்கொண்ட மெழுகுதிரி ஒன்று நின்றது. கொஞ்சம் கோணல், ஓரத்தில் ஒரு பல்லிவால், ஆனாலும் நின்றது. இரண்டு செங்கல் இன்னாசியும் ஒரு செங்கல் மெழுகுதிரியும் ஒரே உயரம். திரேசம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திருவிழா அன்று சாயங்காலம், கோயில் முற்றத்தில் சப்பரத்துக்கு எதிரே மெழுகுதிரியை நிறுத்தினார்கள். பக்கத்தில் இரண்டு செங்கல்மேல் இன்னாசி, கையில் மைக். ஊரே மணலில் உட்கார்ந்திருந்தது. திரேசம்மாள் திரியைக் கொளுத்தினாள்.

தொட்டில் கயிறு பந்தம் மாதிரி பிடித்துக்கொண்டது. மெழுகு அருவியாய் வழிந்தது. இன்னாசி முதல் ஜெபத்தைச் சொல்லி முடிக்குமுன் திரேசம்மாள் அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"என்னங்க! திரி குறையுது! ஒங்க உயரத்துக்குன்னு நேர்ந்திருக்கேனே!"

இன்னாசி ஒரு செங்கல்லிலிருந்து இறங்கினான். சற்று நேரத்தில் இன்னொன்றிலிருந்தும் இறங்கினான். மெழுகுதிரி விடவில்லை.

"ஊதி அணைச்சிருவோமா அத்தான்?" என்றான் லூர்து.

"நேர்ச்சைத் திரியை ஊதுனா அந்தோணியார் சும்மா விடுவாரா?" என்றாள் திரேசம்மாள். "குனிங்க."

குனிந்தான். முழங்காலை மடக்கினான். மண்டியிட்டான். அவன் பக்தியைப் பார்த்து சாமியார் தலையசைத்தார். உட்கார்ந்தான். சாமியார் தலையசைப்பதை நிறுத்தினார். லூர்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திரியையும் தலையையும் கொத்தனார் மாதிரி மட்டம் பார்த்து, "இன்னும் கொஞ்சம் அத்தான்... இன்னும் கொஞ்சம்..." என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கடைசியில் இன்னாசி மைக்கோடு மணலில் நீட்டிப் படுத்துவிட்டான்.

"அண்ணே, இதுக்கும் கீழ போச்சுன்னா குழி தோண்டணுமே!" என்று திரேசம்மாள் அலறினாள்.

சூசை உட்கார்ந்து கூர்ந்து பார்த்தான். முகம் மலர்ந்தது. "பயப்படாத. அடியில செங்கல் இருக்குல்ல? செங்கல் எரியாது. மாப்ள இனி ஒரு செங்கல் உயரத்துக்குக் குறையமாட்டாரு."

திரி செங்கல்வரை வந்து, புகைந்து, அணைந்தது. சாமியாரின் பொறுமையும் அணைந்தது.

"இன்னாசி, எந்திரி! சப்பரம் கிளம்பணும்!"

"எந்திரிச்சா விக்கல் வந்திரும் சாமி" என்றான் இன்னாசி படுத்தபடியே. "இனி என் உயரம் இவ்வளவுதான்."

சாமியார் வானத்தைப் பார்த்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "படுத்துக்கிட்டே சொல்லித் தொலை."

இன்னாசிக்கு உயிர் வந்தது. நேர்ச்சை பிசகவில்லை, மைக்கும் போகவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு தன் கணீர்க் குரலில் அறிவித்தான்: "சப்பரம் புறப்படுகிறது. எல்லோரும் எழுந்து நிற்கவும்!"

"சப்பரம் புறப்படுகிறது. எல்லோரும் எழுந்து நிற்கவும்!" என்று கோணமடை பக்தியோடு சொல்லிவிட்டு எழுந்து நின்றது.

மணிக்கூண்டு ஸ்பீக்கரிலிருந்து தன் குரலே திரும்பி வந்து காதில் மோதியதும் இன்னாசியும் எழுந்து நின்றான். அவனும் கோணமடைக்காரன்தானே.

"ஐயோ, எந்திரிச்சிட்டீகளே!" என்று திரேசம்மாள் வீறிட்டாள். இன்னாசி பதறிப்போய்த் தன் கால்களைக் குனிந்து பார்த்தான். நின்றுகொண்டிருந்தன. மைக் வாயருகிலேயே இருந்தது.

"ஹிக்."

உடனே ஊரே கைகுவித்து, கண்மூடி, ஒரே குரலில் சொன்னது:

"ஹிக்."

திரேசம்மாள் பிரமித்துப்போய் அண்ணனின் கையைப் பிடித்தாள். "அண்ணே, ஊருக்கே விக்கல் வந்திருச்சே!"

சூசை கூட்டத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நிதானமாகப் பார்த்தான். நெட்டையும் குட்டையுமாக எவ்வளவு ஜனம். அப்புறம் தம்பி பக்கம் திரும்பினான்.

"லூர்து, போய் ஒரு லாரி செங்கல் சொல்லிட்டு வா."