வாய்க்கால் தாண்டிய பதினோரு ஆடுகள்

ஊரின் பெயரும் அரசரின் பெயரும் மறந்துபோன ஒரு காலத்தில், அந்த அரசர் பட்டமேறிய பன்னிரண்டாம் ஆண்டு, ஆவணி ஏழாம் நாள் விடியற்காலையில், அரண்மனையின் தெற்குத் தோட்டத்துக்குள் பதினோரு வெள்ளாடுகள் நின்றுகொண்டிருந்தன.

தோட்டத்தில் கடல் கடந்து வந்த நாற்பது மாதுளைக் கன்றுகள் இருந்தன. பல் துலக்கும் முன்பே அரசர் அங்கே போய் இலைகளைத் தாமே எண்ணுவார். நேற்றைவிட ஓர் இலை குறைந்தாலும் அன்று சபை கூடாது. கன்றுகளைக் காக்கப் பத்து முழ அகலத்தில், முழங்கால் ஆழத்தில், சுற்றிலும் வாய்க்கால் வெட்டியிருந்தார். உள்ளே வர ஒரே மரப்பாலம். அதன் கதவுச் சாவி தோட்ட அதிகாரி திருவேங்கடனின் மடியில் இருக்கும். அன்று காலை எண்ணுவதற்கு ஓர் இலைகூட மிச்சமில்லை.

ஆடுகள் பூவாயியுடையவை. வாய்க்காலுக்கு அப்பால் இரண்டு காணி மேட்டு நிலம் அவளுக்கு. கணவன் சின்னக்காளை பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்தான். அந்த வருடம் அடுப்பு எரிந்ததே ஆடுகளால்தான். அரசவை விகடகவி மருதப்பன் அவள் கூடப்பிறந்த தம்பி. அவனைக் கண்டாலே திருவேங்கடனுக்கு ஆகாது.

காவலர்கள் பூவாயியைத் தோட்டத்துக்கு இழுத்துவந்தபோது திருவேங்கடன் பேசிக்கொண்டிருந்தார்.

"என் இரு கண்களால் கண்டேன், அரசே. விடியுமுன் வாய்க்காலில் இறங்கி, தண்ணீரைக் கலக்கிக்கொண்டு வந்தன. விகடகவியின் தமக்கை வீட்டு ஆடுகள் அல்லவா? அவற்றுக்கும் அரண்மனை சொந்த வீடு போலத்தான்."

அரசரின் முகம் கல்லாக இருந்தது. "உச்சிவேளையில் இவற்றை வெட்டுங்கள். சொந்தக்காரி பொழுது சாய்வதற்குள் நாட்டை விட்டுப் போக வேண்டும்."

பூவாயி தன் மந்தையைப் பார்த்தாள். மந்தையின் முன்னால் நிற்கும் கருப்பி நிறைசினை. இன்றோ நாளையோ குட்டி போடும். தம்பி மெல்ல அவளருகே வந்தான்.

"அக்கா, கருப்பி நல்லா தீனி எடுக்குதா?"

"அடப்பாவி, கழுத்துக்குக் கத்தி வந்திருக்கு, தீனியக் கேக்கறியே! நாலு நாளா கட்டித் தொங்கவிட்ட தழைய மோந்துகூடப் பாக்கல. மந்தமோன்னு ஓமத்தண்ணி ஊத்தினேன். மாமா இடுப்புக்குப் பத்துப் போடவே நேரம் சரியா இருந்துச்சு, அதுகளே மேஞ்சுட்டு வந்துச்சுங்க. இன்னிக்கு முழிச்சுப் பாத்தா பட்டிப் படல் தொறந்து கெடக்குது."

"போதும்" என்றான் மருதப்பன். அரசர் முன் போய்க் கைகூப்பினான்.

"தீர்ப்பில் குறையில்லை, அரசே. ஒரே விண்ணப்பம். குற்றவாளி குற்றம் செய்ய வந்த தடத்திலேயே, தன் காலால் நடந்து தண்டனைக்குப் போவது தங்கள் பாட்டனார் ஏற்படுத்திய வழக்கம். விகடகவியின் உறவென்று அதில் சலுகை காட்டியதாக ஊர் பேசக் கூடாது."

தம்பியின் கன்னத்தில் ஓங்கி அறையலாம் போலிருந்தது பூவாயிக்கு. அரசர் தலையசைத்தார். "அப்படியே ஆகட்டும்."

காவலர்கள் ஆடுகளை வாய்க்கால் கரைக்கு ஓட்டினார்கள். கருப்பி விளிம்பில் முன்னங்கால்களை ஊன்றி நின்றது. ஒருவன் பின்னாலிருந்து தள்ளினான். குளம்பு நீரில் பட்டதும் காலை உதறிக்கொண்டு பின்னால் துள்ளியது. மற்றவை சிதறி ஓடின. தூறல் விழுந்தாலே கூரையடிக்கு ஓடிவரும் சாதி அது. அப்போதுதான் தம்பி என்ன செய்கிறான் என்று பூவாயிக்குப் பிடிபட்டது.

"பசி இழுத்தது, வந்தன. இப்போது வயிறு நிறைந்துவிட்டது" என்றார் திருவேங்கடன்.

"அகத்திக்கு எந்த வயிறும் இடம் கொடுக்கும்" என்றான் மருதப்பன். வாய்க்கால் கரை அகத்தி மரத்தில் கொத்து ஒடித்து எதிர்க்கரையில் கட்டினார்கள். ஆடுகள் கழுத்தை நீட்டிக் கத்தின. ஒன்றுகூட இறங்கவில்லை. இரண்டு காவலர்கள் கருப்பியைத் தூக்கப் போனார்கள்.

"தன் காலால்!" என்று கத்தினான் மருதப்பன்.

நிழல் காலடிக்குள் சுருங்கிக்கொண்டிருந்தது. அரசர் வியர்வையைத் துடைத்தார். "மருதப்பா, உச்சி நெருங்குகிறது. ஆடுகள் நடக்காவிட்டால் அவற்றுக்குப் பதில் நீ நடப்பாய்."

மருதப்பன் மறுபடியும் கைகூப்பினான். "ஓட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள், அரசே. வந்த தடம் நமக்குத் தெரியாது. அவற்றுக்குத் தெரியும்."

காவலர்கள் விலகினார்கள். கருப்பி கொஞ்சநேரம் அசைபோட்டபடி நின்றது. பிறகு கரையோரமாக நேரே மரப்பாலத்துக்கு நடந்து, பூட்டிய கதவை நெற்றியால் முட்டியது. மற்றப் பத்தும் வரிசையாகப் பின்னால் போய் நின்றன. கதவு திறக்கவில்லை. கருப்பி திரும்பிப் பார்த்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு திருவேங்கடனிடம் வந்து, அவர் மடியைக் கவ்வி இழுத்தது.

"சீ, போ சனியனே!"

போகவில்லை. மற்றவையும் வந்து சூழ்ந்து அவர் கையை நக்கின.

பூவாயி பொறுக்கமாட்டாமல் முன்னால் வந்தாள். "சாமி, கை பழகாத ஆளுகிட்ட என் கருப்பி வாய வைக்காது. நாலு நாளா இதுக வயிறு எங்க ரொம்புச்சுன்னு இப்பத்தான் தெரியுது. இந்த ஐயா கையிலதான்!"

"மடியை அவிழ்" என்றார் அரசர்.

சாவி விழுந்தது. அதனோடு வாடிய அகத்தி இலைகளும் விழுந்தன. கருப்பி அவற்றைப் பொறுக்கித் தின்றது.

அரசர் திருவேங்கடனைப் பார்த்தார். அவர் அங்கவஸ்திரத்தின் நுனியை ஒரு கிடா மென்றுகொண்டிருந்தது. அரசரின் உதடு துடித்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"திருவேங்கடா, பதவி போயிற்று. ஆடுகள் வந்ததாக நீ சொன்ன தடத்திலேயே நீ வெளியே போ."

திருவேங்கடன் வேட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி நடந்தார். அரசர் தம் முத்துமாலையைக் கழற்றி மருதப்பன் கழுத்தில் போட்டார். வாய்க்கால் கரை அகத்தி முழுவதையும் பூவாயிக்கு எழுதிக் கொடுத்தார். பாலத்துக் கதவு திறக்கப்பட்டது, ஆடுகள் வீடு திரும்பின.

அன்று மாலை கருப்பி இரண்டு குட்டிகள் போட்டது. இரண்டும் பெட்டை.