கன்சோல் சொன்ன ஊர்

இருபது வருஷம் தட்டச்சுப் பள்ளி நடத்திய அருணகிரி, அதை இழுத்து மூடிவிட்டு, நாற்பத்தாறாம் வயதில் ஜெசிந்தாவிடம் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார். ஜெசிந்தாவுக்கு இருபத்தெட்டு. அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லுகிற வழக்கம் அவளிடம் கிடையாது. முதல் மாதமே அதைத் தெரிந்துகொண்டு, அதற்குப் பழகியும்விட்டார்.

இருவருக்கும் ஒரு தனியார் ஆம்புலன்ஸ் கம்பெனியில் வேலை. போன் எடுக்கும் பெண்கள் பிரவுசரில் ஊர்ப்பெயரை அடித்துப் பொத்தானைத் தட்டினால் வண்டி கிளம்பும். அந்தப் பக்கத்தை எழுதியவர் அருணகிரி.

புதன்கிழமை வேலம்மாள் என்கிற பெண்ணைப் பருத்திக்காட்டில் பாம்பு கடித்தது. ஊர் ஆவாரம்பட்டி. வண்டி ஆவாரங்குளத்தில் போய் நின்றது. அங்கே விசாரித்து, திரும்பி, பட்டிக்கு வந்து சேர ஐம்பது நிமிஷம் ஆனது. அதற்குள் வேலம்மாளை வண்டியில் ஏற்ற வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவில் இருந்த ஜெசிந்தா வெள்ளிக்கிழமை காலைதான் வேலைக்கு வந்தாள். கைப்பையை மேஜையில் வைக்கும் முன்பே கேட்டாள்.

“பேச்சி ஏன் வெளியே பெஞ்சுல உக்காந்திருக்கா, அண்ணாச்சி? முகமெல்லாம் வீங்கியிருக்கு.”

முத்துப்பேச்சிதான் புதன்கிழமை அந்தப் போனை எடுத்தவள்.

“மேனேஜர் பதினோரு மணிக்கு வாராரு, டீச்சர். என் ரிப்போர்ட் கையில கிடைச்சதும் அவளை வேலையை விட்டு அனுப்புறாங்க. வேலம்மா புருஷன் போலீசுக்குப் போயாச்சு. யாராவது ஒருத்தர் பேரைக் கொடுக்கணுமில்லா?”

“யார் பேரை?”

“தப்பா அடிச்சவ பேரைத்தான்.”

“தப்பா அடிச்சான்னு யாரு சொன்னா?”

“கன்சோல் சொல்லுது.”

கன்சோல் என்பது பிரவுசருக்குள் மறைந்திருக்கும் ஒரு பலகை. போன் எடுக்கிறவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. புரோகிராம் ஓடும்போது, இன்னது நடந்தது, இன்னது நடந்தது என்று அதில் வரி வரியாக விழுந்துகொண்டே இருக்கும். எந்த இடத்தில் வரி விழ வேண்டும் என்று வைப்பது எழுதுகிறவர் கையில். அருணகிரி தாராளமாக வைப்பார். தும்மினால் ஒரு வரி, இருமினால் ஒரு வரி என்று ஜெசிந்தா கேலி செய்வாள்.

அவர் ரிப்போர்ட்டை அவள் பக்கம் நகர்த்தினார். கையெழுத்துப் போட்டாயிற்று.

“ஊகமா ஒண்ணும் எழுதலை, டீச்சர். அவ பொத்தானைத் தட்டின அந்த நொடியில, ‘அடித்தது’ன்னு ஒரு வரி விழுற மாதிரி வச்சிருக்கேன். நேத்துக் காலையில அவ கம்ப்யூட்டர்ல அந்த வரியைத் திறந்து மேனேஜருக்கும் காட்டினேன். ஆவாரங்குளம்னு இருக்கு. மேனேஜர் என் தோளைத் தட்டி, இதல்லவா சாட்சின்னாரு.”

“பேச்சி என்ன சொல்றா?”

“பட்டின்னுதான் அடிச்சேன்னு அழுறா. வேற என்ன சொல்லுவா பாவம்? மனுஷன் பயத்துல பொய் சொல்லலாம். கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா, டீச்சர்?”

ஜெசிந்தா தன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். சோதனைக்கென்று வைத்திருக்கும் பக்கத்தைத் திறந்தாள். அதுவும் அதே பக்கம்தான், வண்டி மட்டும் கிளம்பாது. கீபோர்டை அவர் முன்னால் தள்ளினாள்.

“ஆவாரம்பட்டின்னு அடிங்க.”

“நானா?”

“ஊருக்கே டைப்பிங் சொல்லிக்கொடுத்த கை. அது தப்பாதுல்லா?”

அவர் அடித்தார். பொத்தானைத் தட்டினார்.

“இப்பக் கன்சோலைத் திறங்க.”

திறந்தார். ஒரு வரி இருந்தது. பக்கத்தில் சின்ன அம்புக்குறி. அதைத் தொட்டால் வரி விரியும். விரித்தார்.

அடித்தது: ஆவாரங்குளம்.

அருணகிரி தன் விரல்களைப் பார்த்தார். பலகையை மூடிவிட்டு மறுபடி அடித்தார். இந்தத் தடவை பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லி அடித்தார். மறுபடியும் குளம்தான்.

“மேனேஜர்கிட்ட நான் சொல்லிடவா? தப்பா அடிச்சது அருணகிரின்னு” என்றாள் ஜெசிந்தா. “யாராவது ஒருத்தர் பேரைக் கொடுக்கணுமில்லா?”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. “இது எப்படி, டீச்சர்?”

அவள் பையிலிருந்து தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினாள். எலுமிச்சைச் சோறு. மூடினாள்.

“ஒரு சீட்டுல எழுதுங்க. பத்தே கால் மணி, மேஜைமேல இருக்கிற டப்பா.”

“உள்ளே சோறு இருக்குன்னு?”

“அதை எழுத வேண்டாம். உங்க வரியும் அதை எழுதலை.”

அவர் எழுதினார். அவள் சோற்றைத் தட்டில் கொட்டினாள். அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்து டப்பாவுக்குள் வைத்து மூடினாள்.

“இப்ப வெளியே இருந்து ஒருத்தர் வாராரு. சீட்டைப் படிக்கிறாரு. டப்பாவைத் திறக்கிறாரு. பத்தே கால் மணிக்கு உள்ளே என்ன இருந்ததும்பாரு?”

“கண்ணாடிக்கூடு.”

“பொய்யா சொல்றாரு?”

அருணகிரி டப்பாவையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் வைத்த வரி ஊர்ப்பெயரை எழுதிவைக்கவில்லை. ஊர்ப்பெயர் இருக்கும் இடத்தை மட்டும் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. வியாழக்கிழமை காலை திறந்தவருக்கு, வியாழக்கிழமை காலை அங்கே இருந்ததைத்தான் அது காட்டியிருக்கிறது.

“அப்படின்னா அவ அடிச்ச பிறகு உள்ளே போய் யாரோ மாத்தியிருக்கணும்” என்றார் மெல்ல.

“யாரு?”

அவர் புரோகிராமை மேலிருந்து கீழே தேடிக்கொண்டு போனார். தேடியது அதிக நேரமில்லை. போன வாரம் அவரே சேர்த்த ஆறு வரி. பதற்றத்தில் போன் எடுக்கும் பிள்ளைகள் எழுத்துப்பிழையோடு அடித்தால் தானாகத் திருத்தட்டும் என்று சேர்த்தது. முதல் மூன்று எழுத்தை வைத்து ஊர்ப்பட்டியலில் தேடும். முதலில் அகப்படும் ஊரைப் போட்டுவிடும். பட்டியலில் ஆவாரம்பட்டிக்கு மேலே ஆவாரங்குளம் இருந்தது.

அந்த ஆறு வரிக்காக ஜெசிந்தாவிடம் அவர் பாராட்டுகூட வாங்கியிருந்தார்.

கடிகாரத்தில் பத்தரை.

அவர் வேலையில் இறங்கினார். ஆறு வரியையும் எடுத்தார். ‘அடித்தது’ வரியையும் மாற்றினார். இனி அந்த நொடியில் இருக்கும் ஊர்ப்பெயரைப் பிரதி எடுத்துத்தான் கன்சோலில் போடும். மூன்று முறை அடித்துப் பார்த்தார். மூன்று முறையும் ஆவாரம்பட்டி.

“திருத்திட்டேன், டீச்சர். இனிமே எந்த ஊரும் மாறாது.”

“நல்லது.”

“வரியும் இனி உள்ளதை உள்ளபடி சொல்லும்.”

“நல்லது.”

ரிப்போர்ட் மேஜைமேல் அப்படியே கிடந்தது. ஜெசிந்தா அதைத் தொடவில்லை. கண்ணாடிக்கூட்டை வெளியே எடுத்துவைத்துவிட்டு, தட்டிலிருந்த சோற்றைக் கரண்டியால் வழித்து டப்பாவுக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

அருணகிரி குரலைத் தாழ்த்தினார். “பேச்சி கம்ப்யூட்டர்ல அந்தப் பக்கம் இன்னும் திறந்தபடிதான் இருக்கு. எழுதினதைத் திருத்தியாச்சுன்னா, எல்லாரும் ஒருதரம் மூடித் திறக்கணும். மூடித் திறந்தா அதுல இருக்கிற அந்த ஆறு வரியும், கன்சோல்ல விழுந்ததும் எல்லாம் போயிடும். நாமளா அழிச்சதா இருக்காது.”

அவள் தட்டில் ஒட்டிய பருக்கைகளையும் வழித்தாள்.

“அவளுக்கு இருபத்துமூணு வயசு, டீச்சர். இங்கே வேலை போனா அங்கே. எங்கேயாவது போன் எடுக்கிற வேலை கிடைச்சிடும். தெரியாம அடிச்சிட்டேன்னு சொன்னா போலீசும் சின்னப்பிள்ளைன்னு விட்டுடும். எனக்கு அப்படியா? பள்ளியை மூடினப்ப ஊரே சிரிச்சது. மூத்தவளை இந்த வருஷம்தான் காலேஜ்ல சேர்த்திருக்கேன். இனி எங்கே போய், என்னத்தைக் கத்துக்க?”

டப்பா மூடும் சத்தம் கேட்டது.

“வேலம்மா திரும்பி வரப் போறதில்லை. யார் பேரு போனாலும் அந்தக் கணக்கு மாறாது. ரிப்போர்ட் இப்படியே போகட்டுமே. போகட்டுமா, டீச்சர்?”

ஜெசிந்தா எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

“பேச்சி, உள்ளே வாம்மா.”

முத்துப்பேச்சி வந்து மேஜைக்கு எதிரே நின்றாள். ஷாலின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அது கயிறாகியிருந்தது. அவள் அருணகிரியைப் பார்த்தாள். “சார், கூப்பிட்டீங்களா?”

“இவளை எதுக்கு டீச்சர் இப்ப...” என்றார் அவர்.

ஜெசிந்தா தன் நாற்காலியை இழுத்துப் பேச்சியை அதில் உட்காரவைத்தாள்.

“என்கிட்ட கேட்டதை இவகிட்ட கேளுங்க, அண்ணாச்சி.”