தேரிக்காட்டில் ஒட்டகத்துக்குச் சுழி பார்த்தது

மணற்குடி என்ற சின்ன ராஜ்யத்தை வழுதிராஜன் ஆண்டபோது, அரண்மனை லாயத்துக்குள் எந்தப் பிராணியும் சும்மா நுழைந்துவிட முடியாது. உடம்பில் மயிர்ச்சுழி பார்க்க வேண்டும். நெற்றிச்சுழி, கழுத்துச்சுழி, வால்சுழி என்று அனவரத பண்டிதர் தடவித் தடவிப் பார்த்து, "தேறும்" என்று சொன்னால்தான் புல்லும் தண்ணீரும். அவரிடம் தேறாத குதிரைகள் பக்கத்து ராஜ்யத்தில் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஓர் ஆடி மாதம் செய்யிது மரக்காயர் என்ற கடல் வியாபாரி, ராஜாவுக்கு அன்பளிப்பாக ஓர் ஒட்டகத்தைக் கொண்டுவந்தார். மணற்குடிக்கும் அதன் துறைமுகத்துக்கும் நடுவே கிடப்பது தேரிக்காடு. கண்ணுக்கெட்டிய மட்டும் செம்மணல். குதிரையில் தூது அனுப்பினால், போன குதிரை திரும்பி வந்து வாரக்கணக்கில் படுத்துக்கிடக்கும். அதனால்தான் மந்திரி உலகுடையான், "வாங்கிக்கொள்ளுங்கள் மகாராஜா, உதவும்" என்று சொல்லிவைத்தார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று அன்று சாயங்காலமே அவருக்குத் தோன்றிவிட்டது.

பண்டிதர் ஒட்டகத்தை ஒரு சுற்று சுற்றினார். சுழி கிடக்கட்டும், பிராணியே கோணல் என்றார். முதுகில் கட்டி. மேலுதட்டில் பிளவு. முழங்காலில் காய்ப்பு. பாதமோ அப்பளம் மாதிரி பரந்து கிடக்கிறது. போதாததற்கு நினைத்தபோது மூக்கை மூடிக்கொள்கிறது. ராஜ சந்நிதியில் மூக்கை மூடுகிற பிராணியை எந்தச் சாஸ்திரம் ஒப்புக்கொள்ளும்? முதுகில் இருப்பது கட்டியல்ல, தீனி கிடைக்காத நாளுக்காகச் சேர்த்துவைத்த கொழுப்பு என்று மரக்காயர் சொல்லிப் பார்த்தார்.

"கொழுப்பென்றுதான் பார்த்தாலே தெரிகிறதே" என்றார் பண்டிதர்.

ராஜாவுக்கு ஒட்டகத்தின்மேல் கோபமில்லை. வாங்கச் சொன்னவர்மேல்தான்.

"உலகுடையாரே, உம்முடைய வாதம் எனக்கு வேண்டாம். இது தேறும் என்று பண்டிதர் வாயாலேயே வரவேண்டும். நாளைப் பொழுது சாய்வதற்குள் வராவிட்டால், மந்திரி வேலையை விட்டுவிட்டு லாயத்தில் லத்தி அள்ளும்."

பண்டிதர் மீசைக்குள் சிரித்தார். அவர் வாய்க்கு அவர்தானே எஜமானர்.

உலகுடையான் வாதாடவில்லை. பண்டிதர் சொன்ன குறை அத்தனையும் உண்மை என்று ஒப்புக்கொண்டார். ஒரு சந்தேகம் மட்டும் கேட்டார். குதிரைக்கு மைதானத்தில், யானைக்கு ஆற்றங்கரையில் என்று, பிராணி உழைக்கிற இடத்தில் வைத்துச் சுழி பார்ப்பதுதானே முறை? முறை என்ற சொல் காதில் விழுந்தால் பண்டிதருக்கு நிலைகொள்ளாது. அதுவேதான் முறை என்று சாஸ்திரம் காட்டிப் பேசினார். பேசி முடித்த பிறகுதான் தேரிக்காட்டுக்குத் தேதி வைத்தாகிவிட்டது என்று அவருக்குப் புரிந்தது.

மறுநாள் உச்சிப்பொழுது. தேரியின் விளிம்பில் உடைமர நிழலில் ராஜாவும் சபையும் உட்கார்ந்தார்கள். பண்டிதர் தாமே பொறுக்கியெடுத்த ராஜசுழிக் குதிரையில் மணலுக்குள் இறங்கினார். உலகுடையான் ஒட்டகத்தில் பின்னாலேயே போனார். கூப்பிடு தூரம்கூடத் தாண்டவில்லை, ஆடிக் காற்று கிளம்பியது. குதிரை முழங்கால்வரை புதைந்தது. பண்டிதர் இறங்கினார். பாரம் குறைந்ததும் ராஜசுழிக் குதிரை நல்ல புத்தியோடு நிழலைப் பார்த்து ஓடிவிட்டது. பாதக்குறடு மணலுக்குள் எங்கேயோ போயிற்று. பண்டிதர் சுடுமணலில் ஒரு காலை மாற்றி ஒரு காலை ஊன்றி நின்றார்.

ஒட்டகம் மூக்கை மூடிக்கொண்டது. நீண்ட இமைமயிரைத் தாழ்த்திக்கொண்டது. பிளந்த உதட்டால் ஓர் உடைமுள் கிளையை வளைத்து நிதானமாக மென்றது.

"ஐயா, அதைக் கொஞ்சம் இப்படி விடும்" என்றார் பண்டிதர்.

"குறையுள்ள பிராணி. உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பாதம் வேறு பரந்திருக்கிறதே."

"பரந்திருக்கட்டும். புதையவில்லை அல்லவா?"

"மூக்கு?"

பண்டிதர் தும்மினார், வாய் மணலைத் துப்பினார். "மூடட்டும். மூடத் தெரிந்தது பாக்கியம்."

"முழங்கால் காய்ப்பு?"

"அது இல்லாமல் இந்தக் கொதிமணலில் எப்படி மண்டி போடும்? மண்டி போடாமல் நான் எப்படி ஏறுவது?"

"முதுகில் அந்தக் கட்டி..."

"பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டாமா?"

"உதடு ஒன்றுதான் பாக்கி."

"தேறும் ஐயா, தேறும். உச்சி முதல் உள்ளங்கால்வரை தேறும். முதலில் அதை உட்காரச் சொல்லும்."

காற்று நிழலைப் பார்த்து வீசியதால் ஒரு சொல் பாக்கியில்லாமல் ராஜாவுக்குக் கேட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

உலகுடையான் லத்திக்கூடையிலிருந்து தப்பினார். ஆனால் ராஜாக்களின் நியாயமே தனி. "தேறும்" என்று சொன்னது பண்டிதர் வாய் அல்லவா? பொன்னாடையும், ஒட்டக லட்சண சிகாமணி என்ற பட்டமும் அவருக்கே போயின. அதற்குப் பிறகு சபை கூடும்போதெல்லாம் பண்டிதர் எழுந்து, ஒட்டகத்தின் பாதம் ஏன் பரந்தது, மூக்கு ஏன் மூடுகிறது, திமிலில் கொழுப்பு ஏன் என்று விளக்கத் தொடங்கிவிடுவார், எல்லாம் தாமே கண்டுபிடித்த மாதிரி. உலகுடையான் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் ராஜாவுக்கே மனம் கேட்கவில்லை. அவரை அருகில் அழைத்து, உமக்கு ஒன்றும் தராமல் விட்டுவிட்டேனே, என்ன வேண்டும், கேளும் என்றார்.

உலகுடையான் கைகட்டிச் சொன்னார். "மகாராஜா, ஒட்டகத்தில் ஒன்றே ஒன்றைப் பண்டிதர் கவனிக்காமல் விட்டுவிட்டார். மணல் உள்ளே புகாதபடி அதன் காதுக்குள் அடர்த்தியாக மயிர் வளர்ந்திருக்கிறது. எனக்கும் அது கிடைத்தால் போதும். சபைக்கு ஒருநாள்கூடத் தவறாமல் வந்துவிடுவேன்."